தோராவிடம் தேதியைச் சொல்லாதே

செய்தி வந்தபோது காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. நெட்டா பென்னர் சமையலறையில் காப்பிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மார்ச் பிறந்து எட்டு நாளாகியும் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு வார்டு வேலை கிடையாது. மனநல மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருப்பவளுக்கு, அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் எதற்கென்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். பெயர் மட்டும்தான் தெரிய வேண்டியிருக்கும்.

"சிஸ்டர், ரொவேனா பேசுறேன்," என்றாள் இரவுப் பணியில் இருந்த உதவியாளர். "தோரா போயிட்டாங்க. நாலரை இருக்கும். நெஞ்சுச் சளிதான். நேத்தே மூச்சு சரியில்ல."

"பக்கத்துல யாராவது இருந்தீங்களா?"

"நான் இருந்தேன் சிஸ்டர். கையைப் பிடிச்சா திட்டுவாங்களேன்னு முதல்ல பிடிக்கல. அப்புறம் பிடிச்சேன். திட்டல. அதுலதான் எனக்குப் புரிஞ்சுது."

நெட்டா நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். காப்பி தயாராகி, ஆறி, அப்படியே இருந்தது. அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக மனசுக்குள் ஒரே ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. தன் கையெழுத்தில், சிவப்பு மசியில் எழுதிய வரி: நோயாளியிடம் வெளியேறும் தேதியை முன்கூட்டிச் சொல்லாதே.

தோரா ஐனார்சன் மானிடோபா மாகாணத்தின் பெரிய ஏரியை ஒட்டிய சான்ட்விக் என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவள். ஐஸ்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் ஊர் அது. மூன்று தலைமுறை கழித்தும் அங்கே யாரும் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; யார் எந்த வருஷம் எந்தப் படகை எந்தப் பாறையில் மோதினார்கள் என்பதை மறப்பதுமில்லை. அப்படிப்பட்ட ஊரில் தோரா சின்ன வயதிலேயே பெயர் வாங்கிவிட்டாள். ஆசிரியை வேறொரு பெண்ணைப் பாராட்டினாள் என்பதற்காகத் தன் இரண்டு செருப்பையும் ஏரியில் எறிந்துவிட்டு வெறுங்காலோடு வீடு வந்தவள். பிடித்துவிட்டால் உயிரைக் கொடுப்பாள். கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்கவும் கேட்பாள்.

கிரிமூர் என்ற மீனவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பதினாறு வருஷம் அவன் அவளோடு இருந்தான் என்பதே ஊரில் பெரிய பேச்சு. குழந்தை இல்லை. அவன் ஏரிக்குப் போனால் கரையில் நின்று கத்துவாள். திரும்பி வந்தால் இரண்டு நாள் பேச மாட்டாள். 1979 ஜூன் மாதம் ஒருநாள் காலையில் கிரிமூர், "கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருந்துக்குறேன்" என்று சொன்னான். நடுப்பகலில் அவனுடைய வலைக் கொட்டகை எரிந்தது. தீயை வைத்தவளும் அவள்தான், உள்ளே ஓடி அவனுடைய புது வலைகளை இழுத்துப்போட முயன்றவளும் அவள்தான். போலீஸ் வண்டி வந்தபோது இரவு உடுப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவமனைக் கோப்பின் முதல் பக்கத்தில் இதெல்லாம் இரண்டே வரி. "காவல்துறையினரால் கொண்டுவரப்பட்டார். இரவு உடை, வெறுங்கால்." அதற்குக் கீழே நோயின் பெயர்: ஆளுமைக் கோளாறு.

அந்தச் சொல்லுக்கு டாக்டர்களிடம் ஒரு பொருள், வார்டில் ஒரு பொருள். வார்டில் அது வியாதி இல்லை, குணம். காதில் குரல் கேட்கிறது என்பவனை எல்லோருக்கும் பிடிக்கும். பாவம், அவன் என்ன செய்வான். மனச்சோர்வில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவளுக்குப் போர்வை இழுத்து விடுவார்கள். தோரா மாதிரி ஆட்கள் வந்தால் மட்டும் பணியறையில் ஒரு பெருமூச்சு எழும். "மறுபடியுமா?"

பெருமூச்சுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. முப்பது வருஷத்தில் பத்தொன்பது தடவை உள்ளே வந்தாள். இடையில் வின்னிபெக் நகரத்தில் ஒரு விடுதி மாற்றி இன்னொரு விடுதி. கையில் கோடு கோடாகக் கீறிக்கொள்வாள். நர்ஸுகளை இரண்டாகப் பிரிப்பாள். பாதிப் பேர் தேவதை, மீதிப் பேர் பிசாசு. தேவதைகள் பிசாசுகளோடு சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள், அதுதான் வேடிக்கை. நெட்டா வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவளும் தேவதைதான். "இந்த இடத்துல மனுஷின்னா நீ ஒருத்திதான்" என்று தோரா சொன்னபோது இருபத்தேழு வயது நெட்டாவுக்கு உள்ளூர இனித்தது. ஏழாம் நாள் தோரா நேரம் தவறி ஒரு சிகரெட் கேட்டாள், நெட்டா மறுத்தாள். அன்றிலிருந்து பிசாசு. இனித்ததற்காக நெட்டா வெட்கப்பட்டாள், அந்த வெட்கத்தை ரொம்ப நாள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தோராவிடம் பேசும்போது இரண்டு நாற்காலி தூரம் வைத்துத்தான் பேசினாள்.

1991-இல் ஒருமுறை வீட்டுக்கு அனுப்பும் தேதியை ஒரு வாரம் முன்பே சொன்னார்கள். தோரா சந்தோஷப்பட்டாள். எல்லோருக்கும் காப்பி கலந்து கொடுத்தாள். கடைசி நாளுக்கு முந்தைய மாலை இரண்டு பேனாவைப் பிரித்து உள்ளிருந்த சுருள்கம்பியை விழுங்கிவிட்டாள். ஆம்புலன்ஸில் அவளோடு போனது நெட்டா. திரும்பி வந்ததும் ரத்தக்கறை பட்ட சட்டையோடு உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். சிவப்பு மசியில் அந்த வரியை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அது நல்ல வரி. அடுத்த ஐந்தாறு தடவை அந்த வரியால்தான் தோரா பிரச்சினை இல்லாமல் வெளியே போனாள். காலையில் சொல்வார்கள்; பத்து மணிக்கு வண்டி; யோசிக்க நேரம் கிடைக்காது. கோப்பு தடிக்கத் தடிக்கப் புதுக் கோப்பு போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் அந்த வரியைப் பார்த்து எழுதினார்கள். பின்னால் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது அதுவும் போனது. எழுதியவள் பெயர் உதிர்ந்துவிட்டது. வரி அப்படியே இருந்தது.

தோராதான் அப்படியே இருக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதியோர் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது இடுப்பு எலும்பு ஒருமுறை உடைந்து ஒட்டியிருந்தது. கைக் கீறல்கள் எல்லாம் வெளுத்து, தோல் சுருக்கத்தோடு சுருக்கமாகிவிட்டன. கீறுவதை எப்போதோ விட்டுவிட்டாள். மணி அடிப்பதை மட்டும் விடவில்லை. சூப் ஆறிப்போச்சு, மணி. சூப் சுடுது, மணி. பக்கத்துக் கட்டில்காரி மூச்சு விடுகிறாள், மணி. இரண்டு தடவை மேலிடத்துக்குப் புகார் எழுதினாள், அதுவும் நல்ல கையெழுத்தில். ஒரு தடவை தன் மோதிரத்தை ஒரு உதவியாளர் திருடிவிட்டாள் என்றாள். விசாரணை முடியும்வரை அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் வேலை இல்லை. மோதிரம் தோராவின் காலுறைக்குள் இருந்தது. "நான் வெச்சேன்னு யாரு சொன்னா?" என்றாள் தோரா. மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெண் வேறு வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

வார்டில் அவளுக்கு ஒரே ஒரு நிரந்தர எதிரி வில்ஃப். ரயிலில் வேலை பார்த்த கிழவர். குடித்துக் குடித்து ஞாபகம் பாதி போனவர். கிழக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது. யார் முதலில் எழுந்து அதில் உட்காருவது என்று இரண்டு பேருக்கும் நான்கு வருஷமாகப் போட்டி.

"எந்திரிங்க மகாராணி. உங்க நேரம் முடிஞ்சுபோச்சு," என்பார் வில்ஃப்.

"நீ செத்ததும் தர்றேன்."

"நான் செத்தா எனக்கெதுக்கு நாற்காலி?"

"அதத்தான் சொல்றேன். உனக்கெதுக்கு?"

பகல் முழுக்க இப்படித்தான் போகும். சாயங்காலம் பார்த்தால் ஒருவர் நாற்காலியிலும் ஒருவர் ஜன்னல் திண்டிலுமாக, பேசாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மருத்துவமனை தோராவின் வீடு இல்லை. மருந்தால் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. இனி அவள் முதியோர் இல்லத்துக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதினார். மூன்று இல்லங்கள் கோப்பைப் பார்த்ததும் மறுத்தன. நோயின் பெயர் ஒன்று, மோதிரக் கதை ஒன்று. நான்காவதாக சான்ட்விக்கிலேயே இருந்த ஏரிக்கரை இல்லத்துக்கு எழுதலாமா என்று நெட்டா கேட்டாள்.

தோரா சிரித்தாள். "அந்த ஊர்க்காரங்களா? பன்னிங்க."

"அப்ப வேண்டாமா?"

"வேண்டாம்னு எப்ப சொன்னேன்? எழுது. பன்னிங்கதான். ஆனா எங்க ஊர்ப் பன்னிங்க. சாகறப்ப பக்கத்துல அதுங்க உறுமுற சத்தமாவது பழகின சத்தமா இருக்கும்ல?"

பதினான்கு மாதம் கழித்து, அக்டோபரில், ஏரிக்கரை இல்லத்தில் ஒரு கட்டில் காலியானது. தண்ணீரைப் பார்த்த அறை. இல்லத்தின் நிர்வாகி தொலைபேசியில் தயங்கித் தயங்கித்தான் ஒத்துக்கொண்டாள். "இங்க வயசானவங்களுக்கு இன்னும் அந்தத் தீ ஞாபகம் இருக்கு, மிஸஸ் பென்னர். வர்ற அன்னைக்கு ஒரு சத்தமும் இல்லாம வந்துட்டா நல்லது." வருகிற செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. கட்டில் அதற்கு மேல் காத்திருக்காது. பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்பதை மட்டும் தோராவிடம் சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் அவள் கேட்டாள்.

"எப்போ?"

"பார்க்கலாம், தோரா."

"நாளைக்கா?"

"பார்க்கலாம்."

"அடி பென்னர், உனக்கு வேற வார்த்தையே தெரியாதா?"

அது வார்டின் முறை. இப்படிப்பட்ட நோயாளி எதைக் கேட்டாலும் எல்லோரும் ஒரே பதில், ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒருத்தி இளகினால் அங்கே பிளவு விழும். நெட்டா அதைப் பல இளம் நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ரொவேனா பிலிப்பைன்ஸிலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "சிஸ்டர், அவங்ககிட்ட சொல்லிட்டா என்ன? நாலு நாள்தானே இருக்கு. இப்பல்லாம் அவங்க ஒண்ணும் பண்றதில்ல. கேட்டுட்டு செஞ்சா குழந்தை மாதிரி வர்றாங்க. கேக்காம செஞ்சாத்தான் கோவம்."

"நீ ரெண்டு வருஷமா பார்க்குற. நான் முப்பது வருஷமா பார்க்குறேன்."

"அதான் சிஸ்டர்," என்றாள் ரொவேனா. அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நெட்டா மேல்கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தோராவின் அறைக்குப் போனாள். ரொவேனா பெட்டியோடு பின்னால் வந்தாள். தோரா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தலை வாரியிருக்கவில்லை. ஒரு பக்கம் படுத்துப் படுத்து முடி தட்டையாகக் கிடந்தது.

"தோரா, இன்னைக்கு சான்ட்விக் போறீங்க. வண்டி வந்தாச்சு."

தோரா ரொட்டியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். நெட்டா அதைப் பார்த்தாள், பின்னால் பலமுறை நினைத்துப் பார்க்கவும் செய்தாள். பிறகு தோராவின் கை தலைக்குப் போனது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"கார்லா வியாழக்கிழமைதானே வருவா?"

கார்லா முடி திருத்தும் பெண். வாரம் ஒருமுறை வார்டுக்கு வந்து கிழவிகளுக்கு முடி வெட்டி, சுருட்டிவிட்டுப் போவாள்.

"ஆமா, வியாழக்கிழமை."

"அப்ப நான் வியாழக்கிழமை போறேன்."

"வண்டி வந்தாச்சு, தோரா."

"ரெண்டு நாள், பென்னர். ரெண்டே நாள். நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்?"

"வண்டி வந்தாச்சு."

நெட்டாவின் குரல் உயரவில்லை. பேரம் பேசாதே, அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல் என்பதுதான் முறை. நெட்டா அதைப் பிசகாமல் செய்தாள்.

"எனக்குக் கண்ணாடியாவது குடு. தண்ணி குடு. நானே நனைச்சு வாரிக்கிறேன். அடி, உன்னக் கெஞ்சுறேன்டி."

பத்து நிமிடம் ஆகும். ஆனால் தோரா கேட்கும் முதல் பத்து நிமிடம் எங்கே போய் முடியும் என்பது நெட்டாவுக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தாள். வண்டி ஓட்டுநர் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நெட்டா மூன்றாவது தடவை சொன்னாள்.

"வண்டி வந்தாச்சு, தோரா."

தட்டு பறந்தது. கோப்பை ஓட்டுநரின் புருவத்தில் பட்டு உடைந்தது. தோரா கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிரிக்கப் போன ரொவேனாவின் மணிக்கட்டைக் கடித்தாள். எழுபத்துநான்கு வயது உடம்பு. அதை அடக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நடைவழியில் நின்ற வில்ஃப், "விடுங்கடா அவள! ஏய், விடுங்கடா!" என்று கத்தினார். அவரையும் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

ஓட்டுநருக்கு மூன்று தையல். அவன் எழுதிக் கொடுத்த புகார் மதியத்துக்குள் சான்ட்விக்குக்குப் போய்விட்டது. இரண்டு மணிக்கு நிர்வாகி கூப்பிட்டாள். வருத்தம் தெரிவித்தாள். கட்டில் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது.

அன்று மாலை நெட்டா கோப்பில் எழுதினாள்: "மாற்றத்தை ஏற்க இயலாமல் வன்முறை. எதிர்பார்த்ததே." எழுதும்போது அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. தேதியைச் சொல்லாதிருந்ததே நல்லது, சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

வியாழக்கிழமை கார்லா வந்தாள். தோரா அறையை விட்டு வரவில்லை.

அதன்பிறகு மணிச் சத்தம் குறைந்தது. பணியறையில் அதை முன்னேற்றம் என்றார்கள். நாற்காலிக்கும் அவள் போட்டி போடவில்லை. வில்ஃப் இரண்டு வாரம் அதில் ராஜாவாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு அவருக்கே பிடிக்கவில்லை. நவம்பரில் ஒருநாள் நெட்டா அவருக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது, மாத்திரையை வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் சிஸ்டர், அவளுக்கு அந்த முடியப் பண்ணிவிட்டிருந்தா உங்க வீட்டுச் சொத்தா குறைஞ்சுபோயிருக்கும்?"

"எந்த முடி?"

"தோரா முடி. ஊருக்குப் போறப்ப தல சீவிக்கிட்டுத்தான் போவேன்னு நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்காளே. தெரியாதா உங்களுக்கு?"

நெட்டாவுக்குத் தெரியாது.

"கொட்டாயி எரிஞ்சப்ப ஒரு பக்க முடி பொசுங்கிடுச்சாம். பாதித் தல மொட்டை. போலீஸ் வண்டில ஏத்துறாங்க. சர்ச்சுல அன்னைக்கு ஏதோ விருந்து போல. ஊர்ப் பொம்பளைங்க பூரா கையில தட்டோட வந்து ரோட்டோரம் நின்னு பாக்குறாளுங்களாம். ஒருத்தியும் ஒரு துண்டு எடுத்துப் போத்தல. 'வில்ஃப், நான் திரும்பிப் போறன்னைக்கு அவளுக அத்தன பேரும் என் தலையத்தான் முதல்ல பார்ப்பாளுக'ம்பா. கோட்டுகூட எடுத்து வெச்சிருந்தாளே, நீல கோட்டு." பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். "எனக்கே இதெல்லாம் ஞாபகம் இருக்குன்னா எத்தன தடவ சொல்லியிருப்பா பாருங்க."

நெட்டா பணியறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கோப்பின் முதல் பக்கத்தைத் திறந்தாள். இரவு உடை, வெறுங்கால். எத்தனை தடவை படித்த வரி. முடி பொசுங்கியதை யாரும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தோரா கெஞ்சியபோது தன் காதில் விழுந்தது வார்த்தை இல்லை, நோயின் பெயர்தான். இரண்டு நாள் கேட்ட ஒரு கிழவிக்கு, இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பி விழுங்கிய ஒருத்திக்கான பதிலைச் சொல்லிவிட்டாள்.

மாலையில் தோராவின் அறைக்குப் போய் நின்றாள். நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தோரா சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள்.

"தோரா, முடி விஷயம் எனக்குத் தெரியாது. வில்ஃப் சொன்னாரு."

"அந்தக் கிழவனுக்கு வாய்ல பூட்டே கிடையாது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட?" என்றாள் தோரா, திரும்பாமலே. "முப்பது வருஷமா தினம் கேக்குற. வலிக்குதா, தூங்கினீங்களா, உங்களையே காயப்படுத்திக்கணும்னு தோணுதா. மூணு கேள்வி. நாலாவது கேள்வி ஒருநாள் வரும்னு பார்த்தேன்."

நெட்டா மன்னிப்புக் கேட்டாள். இப்படிப்பட்ட நோயாளியிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டிவைப்பார்கள் என்பதும் அவள் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று. தோரா ஆட்டிவைக்கவில்லை. "சரி, போ. விளக்க அணைச்சுட்டுப் போ," என்றாள்.

ஜனவரியில் நெட்டா சான்ட்விக் நிர்வாகியை மறுபடி கூப்பிட்டாள். நடந்ததை, பொசுங்கிய முடியின் கதையோடு சேர்த்து, ஒளிக்காமல் சொன்னாள். தப்பு எங்கள் பக்கம் என்றாள்.  நிர்வாகி, "அந்த ரோட்ல தட்டோட நின்னவங்கள்ல எங்கம்மாவும் ஒருத்தி," என்றாள். "புது விண்ணப்பம் அனுப்புங்க. பனி விட்டதும் ஒரு அறை காலியாகலாம். இந்தத் தடவ தேதிய அவங்களே சொல்லட்டும்."

நெட்டா கோப்பிலிருந்து அந்தச் சிவப்பு வரியை நீக்கினாள். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரே ஒரு சொடுக்குத்தான். நீக்க வேண்டுமா என்று அது ஒருமுறை கேட்டது, ஆம் என்றாள். புது விண்ணப்பம் போகப் போகிறது என்று தோராவிடம் சொன்னபோது அவள் முகத்தைச் சுளித்தாள். "மறுபடி ஏமாத்துனா உன் புருவத்துக்குக் குறி வெப்பேன், பாத்துக்க." ஆனால் மறுநாள் காலையில் ஜன்னலோர நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். வில்ஃப் அவளைத் திட்டிக்கொண்டே திண்டில் ஏறி உட்கார்ந்தார்.

விண்ணப்பம் பதினொரு பக்கம். மருத்துவர் எழுத வேண்டியதை மருத்துவர் எழுதிவிட்டார். மீதியை நெட்டா எழுத வேண்டும். பிப்ரவரியில் வார்டில் காய்ச்சல் பரவியது; நர்ஸுகளில் பாதிப் பேர் விடுப்பு; நெட்டா தொடர்ந்து இரட்டைப் பணி பார்த்தாள். இந்த வாரம் முடித்துவிடலாம், அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்று போனது. அவசரம் இல்லை, பனி விட இன்னும் நாள் இருக்கிறது. மாதக் கடைசியில் தோராவுக்கும் காய்ச்சல் வந்தது. இறங்கியது. பிறகு சளி நெஞ்சுக்குள் போனது. வெள்ளிக்கிழமை பணி முடிந்து நெட்டா கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள். தோரா கண்ணை மூடியிருந்தாள். எழுப்ப வேண்டாம், திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று போய்விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை நெட்டா பணிக்கு வந்தபோது கட்டில் விரித்துச் சுத்தமாக இருந்தது. நீல கோட்டையும் இரண்டு உடுப்பையும் ரொவேனா பெட்டியில் வைத்துவிட்டாள். உறவு என்று சொல்லிக்கொள்ள கிரிமூரின் அக்கா மகன் ஒருவன்தான் இருந்தான்; அவன் தொலைபேசியில், அடக்கத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். பனியில் உறைந்த மண் இளகும்வரை உடல் மருத்துவமனையின் பிணவறையில் இருக்கும். வில்ஃப் நாற்காலிப் பக்கமே போகவில்லை. "எங்க போய்ட்டா அவ?" என்று காலையிலிருந்து நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் நெட்டா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பதில் சொன்னாள்.

மதியம் அவள் மேசை இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தாள். கோப்பில் சேர்க்க வேண்டும். நிறைவு பெறாதது என்று முத்திரை குத்த வேண்டும். ஆறாம் பக்கம்வரை எழுதியிருந்தாள். ஏழாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். "நோயாளி மறுப்பவை, எதிர்ப்பவை" என்ற முதல் கட்டத்தை நிரப்பி, இடம் போதாமல் ஓரத்திலும் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். "நோயாளி விரும்புபவை" என்ற இரண்டாவது கட்டத்தில், "கேட்டு எழுத வேண்டும்" என்று பென்சிலில் குறித்திருந்தாள். அதற்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை.